செம்பூருக்குப் போன பெட்டி

ஐயா,

இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நான் இருக்கிற தாராவிக்கும் நீ இருக்கிற சான்பாடாவுக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது, கையில் போன் இருக்கிறது, வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. இத்தனையும் இருக்க, ரூல் போட்ட நோட்டில் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தனுப்புகிற பைத்தியக்காரி உன் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு கடைப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொன்னால், "யம்மா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நான் அழுவதைக்கூடக் கொக்கரிப்பாகக் கேட்பாய். என் கையெழுத்தை உன்னால் வேகமாக ஓட்ட முடியாது. நான் சொல்லப் போவதும் மெல்லக் கேட்க வேண்டிய சங்கதிதான். தெரியாத எழுத்து வந்தால் தாண்டிக்கொண்டு வா. யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தாய். மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். பிறகு நீ பெயர்ப் பட்டியலை வாசித்தாய். ஆபீஸ் மேனேஜர், உல்லாஸ்நகர் சித்தப்பா, உன் பழைய டியூஷன் மாஸ்டர், மாட்டுங்காவில் உனக்கு முடி வெட்டுகிறவர் வரைக்கும் இருந்தது. "முத்துக்கு?" என்றேன். உன் முகம் கறுத்துவிட்டது. "அவன் பேர எடுக்காதம்மா. அவன் மேல தப்பு இல்லேன்னா அந்த பேட்டரிச் செல்ல எதுக்கு எடுத்துட்டு ஓடுனான்?" என்றாய். ரெண்டு வருசமாக இந்த ஒரே கேள்விதான் உன் வாயில். அதோடு விட்டாயா? பையைத் திறந்து பதினைந்து போர்டுகளை என் மடியில் வைத்தாய். சான்பாடாவில் உன் பில்டிங் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அளவு காட்டும் பெட்டி செய்ய மறுபடியும் தொடங்கப் போவதாகச் சொன்னாய். "இந்தத் தடவ வெளியாளே வேண்டாம். ஒங் கைய மட்டுந்தாம்மா நம்புவேன்" என்று சொல்லிவிட்டு, நான் வைத்த மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாய். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

இது எங்கே தொடங்கியது என்பதிலிருந்து வருகிறேன். அப்பா போன பிறகு இந்த ஒற்றை ரூமில் நாம் இரண்டே பேர். நான் வீட்டில் உட்கார்ந்து சீரியல் லைட் செட்டுக்கு ஈயம் உருக்கி சோல்டர் வைத்துக்கொண்டிருந்தேன். கணபதிக்கும் தீபாவளிக்கும் இந்த பம்பாயில் எத்தனை வீட்டில் மினுக் மினுக்கென்று என் கைவேலை எரிந்திருக்கிறதோ, யார் கண்டது. பகல் முழுவதும் சோல்டர், விடிகாலையில் தண்ணீர். நாலு மணிக்கும் வரும், ஐந்தரைக்கும் வரும், அது அதன் இஷ்டம். ஒரு நாள் நான் குழாயடியில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். தண்ணீர் வந்து, என் முறை போய், நின்றும்விட்டது. அன்றைக்கே நீ பக்கத்துச் சந்தில் இருந்த உன் சினேகிதன் சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் மூலையில் உட்கார்ந்து குசுகுசுவென்று ஏதோ செய்தீர்கள். பத்து நாள் கழித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வயர்லெஸ் போர்டு வந்தது. குழாய் வாயில் இரண்டு கம்பி. தண்ணீர் அந்தக் கம்பிகளைத் தொட்டதும் என் போனில் முத்துவின் குரல் கூப்பிடும்: "யத்தே, தண்ணி வந்திட்டு, எந்திரிங்க!" தன் குரலையே பிடித்துப் போட்டிருந்தான், குறும்புக்காரன். நான் முதல் நாள் அவன்தான் வாசலில் நிற்கிறான் என்று கதவைத் திறந்து பார்த்தேன்.

அந்தப் போர்டுக்குச் சோறு போடுவதுதான் பெரிய பாடாகப் போயிற்று. நீ முதலில் வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு போன் சார்ஜரைக் குழாயடிச் சுவரில் தொங்கவிட்டாய். மூன்றாம் நாள் லெச்சுமி அக்கா குழாயைத் திறந்து, "ஆத்தா, குழாய் கடிக்கி!" என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் மெயினை அணைத்துவிட்டு வந்து உன்னை என்ன பேச்சுப் பேசினேன் என்று நினைவிருக்கிறதா? ஈரச் சுவரில் வீட்டுக் கரண்டைக் கொண்டுபோய் மாட்டுகிறவன் இஞ்சினியரா எமனா என்று கேட்டேன். சந்தே கூடி நின்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழாயில் பிள்ளைகளும்தான் தண்ணீர் பிடிக்கும்.

அப்புறம் பவர் பேங்க் வைத்தீர்கள். அது நாம் சொல்வதைக் கேட்கவில்லை. போர்டு கொஞ்சமாகக் கரண்ட் எடுத்தால், யாருமே மாட்டவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். பிறகு ஒரு சதுர பேட்டரி. இரண்டு நாளில் காலி. அப்போதுதான் முத்து சொன்னான், "யத்தே, நீங்க தண்ணிக்கு முழிச்சிட்டுக் கெடந்திய. இப்ப இந்தப் போர்டு முழிச்சிட்டுக் கெடக்கு. இதயும் தூங்க வைக்கணும்." கம்பியில் தண்ணீர் படும்வரை தூங்கு, பட்டால் எழுந்து ஒரே ஒரு தடவை கூப்பிடு, மறுபடியும் தூங்கு என்று நீ அதற்கு எழுதிப் போட்டாய். அப்படியும் பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. மூன்று பேரும் போர்டைச் சுற்றி உட்கார்ந்து மீட்டர் வைத்துப் பார்த்தோம். தூங்குகிற போர்டில் ஒரு சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வேலையும் இல்லை, நான் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்காக மட்டும் எரிகிற லைட். அதை சோல்டரிங் ராடு வைத்து நான்தான் தூக்கினேன். பேட்டரி வோல்டைக் குறைத்துக் கொடுக்கிற பாகம் ஒன்றும் சும்மா இருந்தே கரண்டைத் தின்றது. அதையும் நீ கொண்டுவந்த புதியதற்கு நான்தான் மாற்றினேன். அதற்குப் பிறகு மூன்று பென்சில் செல் போட்டால் மாதக் கணக்கில் ஓடியது. நம் சந்தில் அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது. செல் தீர்ந்தால் நானே மாற்றுகிறேன். ஒன்றை நீ யோசித்திருக்க மாட்டாய். நீ முத்துவின் பேரை எடுக்காதே என்கிறாய், ஆனால் இந்த ரெண்டு வருசமும் என்னைத் தினமும் எழுப்புகிறது அவன் குரல்தான்.

உன்னை நான் குறை சொல்ல வரவில்லை ஐயா. குறை என் பக்கம். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறு.

செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டிக்காரர்கள் நம் சந்துப் பெட்டியைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள். மொட்டை மாடியில் இரண்டு தொட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அளவு தெரிய வேண்டும், செல் மாற்ற யாரும் மாடி ஏற மாட்டார்கள். அதனால் பென்சில் செல் போதாது, சார்ஜ் ஆகிற லித்தியம் செல்லும் உள்ளங்கை அளவு சோலார் தகடும் வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். அதிலேயே உங்கள் இரண்டு பேருக்கும் முட்டல். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து நல்ல செல்லைத் தேர்ந்தெடுக்கலாம் என்றான் முத்து. கூடவே கூடாது, புதிதுதான் வேண்டும் என்றாய் நீ. கடைசியில் உன் பேச்சுக்குத் தலையாட்டிப் புதிதாகத்தான் வாங்கி வந்தான். அதிகமாக சார்ஜ் ஆகாமலும், ஒரேயடியாக வடிந்துவிடாமலும் காக்கிற குட்டி போர்டு ஒன்றையும் சேர்த்தான். செல்லின் இரண்டு முனையிலும் நிக்கல் பட்டி வைத்து, அவனே செய்த ஸ்பாட் வெல்டிங் மெஷினில் டப் டப்பென்று ஒட்டினான். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு, "இதுக்கு எதுக்குல இத்தன ஆர்ப்பாட்டம், நான் ஒரு சொட்டு சோல்டர் வச்சா முடிஞ்சுது" என்றேன். அவன் கும்பிடாத குறையாகச் சொன்னான். "யத்தே, எங்க வேண்ணாலும் வைங்க. செல்லு மேல மட்டும் வச்சிராதீய. சூடு உள்ள போயிட்டுன்னா வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள கெட்டிருக்கும்." எனக்குச் சுருக்கென்றது. எனக்கே சோல்டர் சொல்லித் தருகிறாயா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாள் முத்து கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனான். மெஷின் அவன் வீட்டில், வீடு பூட்டு. நீ ஆபீஸில் இருந்தாய். பெட்டியை மூடி சிலிகான் பசை போடுகிற வேலை மட்டும் எனக்கு. மூடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். வைத்த ஒவ்வொரு ஜாயிண்டையும் இரண்டு இழு இழுத்துப் பார்ப்பேன். சீரியல் செட்டில் அப்படிப் பார்க்காவிட்டால் ஒன்று விட்டாலும் மொத்தச் சரமும் அணைந்து திரும்பி வந்துவிடும். அதே கையால் செல்லின் பட்டியையும் இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பட்டி கையோடு வந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நீ செம்பூரில் நிற்க வேண்டும். உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ராடைச் சூடாக்கினேன். செல்லின் முனையை அரம் வைத்துச் சுரண்டினேன். பேஸ்ட் தடவினேன். பட்டிக்குப் பதிலாக ஒயரை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தேன். சோல்டர் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி ஓடியது. விடுவேனா? ராடை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், பிடிக்கிறவரைக்கும். செல் என் கையில் சுட்டது. ஈரத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடியும் வைத்தேன். கடைசியில் பளபளவென்று உட்கார்ந்தது பார், என் ஆயுளில் அப்படி ஒரு அழகான சோல்டர் நான் வைத்ததில்லை. இரண்டு இழு இழுத்தேன். அசையவில்லை. மூடிப் பசை போட்டு, நீ வந்ததும் கையில் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றாய். "ஏன், எங் கை மேல சந்தேகமா?" என்றேன். நீ சிரித்தாய்.

ஆமாம் ஐயா. நீ திரும்ப ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம். சரியாகத்தான் படித்தாய். செம்பூர்ப் பெட்டியில் இருந்த அந்த சோல்டர் என்னுடையது.

பெட்டி மாடியில் நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மத்தியான வெயிலில் செல் உள்ளுக்குள்ளேயே சூடாகிப் புகைந்திருக்கிறது. நான் மழைக்குப் பயந்து ஓட்டையே இல்லாமல் பசை போட்டிருந்ததில் புகை வெளியே போக வழியில்லை. பெட்டி வெடித்து உருகி, பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் ராம்தீன் பாயின் துணிக்கொடியில் தீப்பிடித்துவிட்டது. அந்த மனிதர் கையாலேயே பெட்டியைச் சுவரிலிருந்து தட்டிவிட்டார். இரண்டு விரல் வெந்துபோயிற்று. சொசைட்டிக்காரர்கள் உன்னை நிற்க வைத்துத் திட்டியதை நீ ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை. கருகிய பெட்டியை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாய். முத்து அன்றைக்குக் காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தான். தகவல் தெரிந்து ஓடிவந்தான். ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பித் திறந்தான். ஒரு நிமிடம் உள்ளே பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி, அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்தான். தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து நான் செம்பை எடுத்தேன்.

"உண்மையச் சொல்லுல. புதுசா, கபாடியில பழைய சாமானோட பொறுக்குனதா?" என்றாய் நீ.

"செல்லு நாந்தான் வாங்குனேன்."

"அதக் கேக்கல. புதுசா பழசா?"

"நாந்தான வாங்குனேன். விடு."

அவன் கைக்குட்டையை விரித்துச் செல்லை அதில் சுருட்டினான். நீ பாய்ந்து எழுந்தாய். "எங்கல கொண்டு போற? காட்டுல அத! ஒரு மனுசன் கைய வேக வச்சிட்டு மறைக்கப் பாக்கியா?" என்று அவன் சட்டையைப் பிடித்தாய். அவன் உன் கையை விலக்கிவிட்டுச் செல்லோடு இறங்கிப் போனான். அதற்கப்புறம் நம் சந்துக்குள் அவன் காலே படவில்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் சொல்லவில்லை என்று இந்த ரெண்டு வருசமும் என்னை நானே கேட்டிருக்கிறேன். போலீஸ் பயம் என்று சொல்லிப் பார்த்தேன், உன் வேலைக்கு ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சாக்கு. உண்மை இதுதான். செம்பூர் செக்ரட்டரியிடம் நீ என்னைக் காட்டி, "எங்கம்மா சோல்டர் வச்சா பத்து வருசத்துக்கு அசையாது சார்" என்று சொன்னாயே, அந்த வார்த்தையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. உன் படிப்பில் எனக்குப் புரிந்தது ஒன்றுமில்லை. ஆபீஸ் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. உன் உலகத்துக்குள் நான் வந்து உட்கார இருந்த ஒரே இடம் அந்த ராடும் ஈயக் கம்பியும்தான். "யம்மா, நீ தொடாத" என்று நீ சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பயத்தில், நான் பெறாத ஒரு பிள்ளையைப் பழிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. எழுதும்போதே காது சுடுகிறது.

முதலில் போய்ச் சொன்னது ராம்தீன் பாயிடம். உனக்குத் தெரியாமல் ஒரு மத்தியானம் செம்பூருக்குப் போனேன். பிளாஸ்கில் டீயும் பொட்டலத்தில் முறுக்கும் கொண்டு போனேன். என் ஓட்டை ஹிந்தியில், "பாயி, வோ மேனே ஜோடா தா. கல்தி மேரா" என்றேன். அதை ஒட்டியது நான்தான், தப்பு என்னுடையது என்று. ஹிந்தியில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அது என் வாயிலிருந்து வருகிற மாதிரியே இல்லை. அவர் தன் இரண்டு விரலையும் மடக்கி நீட்டிக் காட்டி, "தேகோ, டீக் ஹோ கயா மாஜி" என்றார், பாருங்கள், சரியாகிவிட்டது என்று. பிறகு, "பேட்டே கோ பதாயா?" என்று கேட்டார். மகனிடம் சொன்னாயா என்று. இல்லை என்று தலையாட்டினேன். அவர் முறுக்கை உடைத்து எனக்கும் பாதி கொடுத்தார். ரயிலில் திரும்பி வரும்போது இன்றைக்கு எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். நீ சான்பாடாவில் புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஸ்வீட் பெட்டியோடு நின்றாய். அன்றும் விழுங்கிவிட்டேன்.

போன ஞாயிறு நீ பதினைந்து போர்டையும் வைத்துவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு முத்துவைப் பார்க்கக் கிளம்பினேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் அவன் இன்வெர்டர், பேட்டரி ரிப்பேர் கடை போட்டிருக்கிறான். ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கடை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வாங்க யத்தே, ஒக்காருங்க. என்ன இம்புட்டுத் தூரம்? மிக்ஸி கெட்டுப்போச்சா?"

"மிக்ஸி நல்லாருக்கு. நாந்தான் கெட்டுப்போனேன். செம்பூர்ப் பெட்டி விசயம் ஒண்ணு ஒன்ட்ட சொல்லணும்ல."

"அது தெரியும் யத்தே."

"என்ன தெரியும்?"

அவன் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்தான். உள்ளே மணல். மணலுக்குள் விரலைவிட்டுத் துழாவி அந்தச் செல்லை வெளியே எடுத்தான். கருகிக் கறுத்துக் கிடந்தது. முனையில் மட்டும் என் சோல்டர். பத்து வருசத்துக்கு அசையாது என்று நீ சொன்னாயே, அசையவில்லைதான்.

"ஒயர ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள மடக்கி, மேல சொட்டு. இப்பிடி வைக்க தாராவியில வேற யாரு இருக்கா? நான் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டேன். அவன் பாத்தா அவனும் கண்டுபிடிச்சிருவான்லா. அதான் எடுத்துட்டுப் போனேன்."

ஒரு பேட்டரி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "அட பாவி, அவன் சட்டையப் புடிச்சானே, அப்பவாது சொல்லித் தொலச்சிருக்கலாம்லா?" என்றேன்.

"சொல்லி? அவன் என்ட்ட கோவிச்சா எனக்கு வீடு இருக்கு, அம்மையும் அப்பாவும் இருக்காவ. ஒங்கட்ட கோவிச்சு மூஞ்சத் திருப்பிட்டான்னா, அந்த ஒத்த ரூமுக்குள்ள நீங்க யாருட்ட யத்தே பேசுவிய?"

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். இன்வெர்டர் வாங்க வந்த ஒரு மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். முத்து அரைக் கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தான். பத்திரிகையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான், பெயர்களையெல்லாம் மெல்லப் படித்தான். "பொண்ணு பேரு நல்லாருக்கு" என்றான். அப்புறம் அதைத் திருப்பி என் பைக்குள்ளேயே வைத்தான். "நீங்க தந்தா நான் வரமாட்டேன் யத்தே. அவன் தரணும்" என்றான்.

இதுதான் ஐயா நடந்தது. ரெண்டு வருசமாக நீ கேட்ட கேள்விக்குப் பதில். அவன் எதற்கு அந்தச் செல்லை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றால், உன் அம்மா உன்னிடம் நல்லவளாக இருக்க வேண்டும் என்று.

இதற்குமேல் உனக்கு நான் புத்தி சொல்ல யோக்கியதை கிடையாது. இருந்தாலும் அம்மா இல்லையா, இரண்டு சொல்லாமல் விட முடியவில்லை. பதினைந்து போர்டிலும் அந்தச் சிவப்பு லைட்டை முதலில் எடுத்துவிடுவேன். தொட்டி பக்கத்தில் யாராவது போய்ச் செல் மாற்ற முடிகிற இடத்தில் பென்சில் செல்லே போதும், லித்தியத்துக்கு ஆசைப்படாதே. லித்தியம் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் ஒரு பியூஸ் போடு, பெட்டியின் அடியில் மூச்சுவிட ஓட்டை வை, நேர் வெயிலில் மாட்டாதே. முக்கியமாக, யார் மூடிக் கொடுத்த பெட்டியாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன் நீ ஒரு தடவை திறந்து பார். உன் அம்மா மூடியதாக இருந்தாலும். அவள் மூடியதென்றால் கட்டாயம் பார். வரப்போகிற பெண் விஷயத்திலும் ஒன்று. நீ ஏதாவது உடைத்துவிட்டால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. நாலு நாள் திட்டுவாள், திட்டட்டும். என்னை மாதிரி மூடிப் பசை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் இங்கேயேதான் இருப்பேன்.

இப்போது அந்த எழுத்து சமாச்சாரம். நடுவில் எத்தனையோ இடத்தில் நீ மாட்டிக்கொண்டிருப்பாய். போனில் போட்டோ எடுத்து அதைப் படிக்கச் சொல்லாதே. ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்களிடம் நீட்டாதே. நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், முத்து முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஊரிலிருந்து எந்தக் கடிதம், எந்தப் பத்திரிகை வந்தாலும் உனக்கு அவன்தானே படித்துச் சொல்வான். இதையும் எடுத்துக்கொண்டு லேபர் கேம்புக்குப் போ. உன் கையால் ஒரு பத்திரிகையும் கொண்டு போ. முதல் வரியிலிருந்து அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நீ எதிரில் நின்று கேள்.

முத்து, இந்த வரியை நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். அவனை நன்றாகத் திட்டு, உனக்கு அந்த உரிமை உண்டு. என்னையும் சேர்த்துத் திட்டு. அப்புறம் கடையைச் சாத்திவிட்டு உன் மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள். பதினைந்து போர்டு அப்படியே கிடக்கிறது. செல்லுக்குப் பட்டி நீ வை, மற்ற சோல்டரை நான் வைக்கிறேன்.

அம்மா